பதினேழாம் கை

வாங்க கண்ணுகளா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. மின்விசிறிக் காற்று எல்லார் மேலும் படுகிற மாதிரி வட்டமாக உட்காருங்க. கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும். பட்டாணி உரிக்கிறவர்கள் உரித்துக்கொண்டே கேட்கலாம். இன்றைக்குச் சொல்லப்போவது இன்னும் நடக்காத கதை. உங்கள் பிள்ளைகளுக்குத் தலை நரைக்கிற காலத்தில் நடக்கப்போவது. ஆனாலும் நடந்து முடிந்ததுபோலத்தான் சொல்லுவேன், அதுதான் கதைக்கு வசதி. முடிகிறவரை யாரும் எழுந்து போகமாட்டீர்கள், அதற்கு நான் ஜவாப்தாரி.

திருப்பூரில் அவினாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தண்டபாணி என்பவருக்கு ஒரு பனியன் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனியில் தைப்பதற்கு ஆள் கிடையாது. அறுபது மேசை, அறுபது தையல் மிஷின், மேசைக்கு ஒரு ஜோடி இயந்திரக் கை. தலையும் உடம்பும் இல்லை. மேசை ஓரத்திலிருந்து இரண்டு கைகள் மட்டும் முளைத்திருக்கும். அவற்றுக்கு மேலே கோலிக்குண்டு அளவில் ஒரு கண். ஊசிச் சத்தம் மாறினால் தெரிந்துகொள்ள ஒரு காது. வாய் வைக்கவில்லை. தையலுக்கு வாய் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

'ஆயிரங்கரம்' என்றொரு நிறுவனம் இந்தக் கைகளை வாடகைக்குக் கொடுத்தது. சட்டைக் கழுத்தில் தைக்கிற லேபிளில் 'மனிதக் கை படாதது' என்று அச்சடித்துச் சீமைக்கு அனுப்புவார்கள். அங்கே அதைப் பெருமையாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஏழைபாழை யாரையும் கசக்கிப் பிழியாமல் வந்த சட்டை என்று அதற்குப் பொருள்.

இந்த அறுபது ஜோடிக் கைகளையும் மேய்க்கிற வேலை சம்பூரணத்துக்கு. வயது ஐம்பத்திரண்டு. முன்னால் இருபது வருஷம் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் தைத்தவள். கைகள் வந்து இறங்கியபோது டெய்லர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, நூல் மாற்ற, வெட்டிய துண்டுகளை அடுக்கிக் கொடுக்க, ஊசி முறிந்தால் வேறு ஊசி கொடுக்க ஓர் ஆள் வேண்டுமென்று இவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். வாய் சும்மா இருக்காத ஜென்மம். மிஷின் இரைச்சலுக்கு நடுவில் பேச்சுத் துணை இல்லாமல் முதல் வாரம் தவித்துப்போனாள். இரண்டாம் வாரத்திலிருந்து கைகளோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங் மூணாம் நம்பரு, நேத்து பஸ்ஸுல ஒருத்தன் என்ற காலை மிதிச்சுப்போட்டு என்னையவே மொறைக்கறான் பாத்துக்க" என்று துண்டை அடுக்கிக்கொண்டே சொல்வாள். மூன்றாம் நம்பர் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கும். எதிர்ப்பேச்சுப் பேசாத துணை. அவளுக்கு அது போதும்.

ஒரு நாள் பதினேழாம் மேசையில் ஊசி முறிந்தது.

பனியன் கம்பெனியில் ஊசி முறிவது சின்ன விஷயமில்லை. முறிந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, ஊசி முழுசாகச் சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி வெளியே வரும். எந்தக் குழந்தையின் சட்டைக்குள்ளாவது முனை தங்கிவிடக் கூடாது அல்லவா? சம்பூரணம் அதெல்லாம் முடித்து, புது ஊசியைப் பதினேழின் விரல்களுக்கு முன்னால் நீட்டினாள்.

கை வாங்கவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டது.

"இந்தா, புடி" என்றாள். கை இன்னும் பின்னால் போயிற்று. பிறகு ஒரு விரலை நீட்டி மேசையைத் தொட்டுக் காட்டியது.

பழுது என்று சீட்டு எழுதிப் போட்டாள். ஆயிரங்கரத்தின் சர்வீஸ் ஆள் திருமூர்த்தி வந்தான். நாற்பது வயது, எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கிற முகம். கையைக் கழற்றினான், மாட்டினான். "செரியாப்போச்சுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுவாரம் அங்கே மறுபடி ஊசி முறிந்தது. மறுபடி அதே கூத்து. மற்ற கைகளெல்லாம் கொடுத்ததை வாங்கிக்கொள்கின்றன, இது மட்டும் பிகு பண்ணுகிறது.

சம்பூரணத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது. "உனக்கென்ன, கையில குடுத்தாச் சண்டை வந்துருமாக்கும்" என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. தைத்த காலத்தில் அவளும் யார் கையிலிருந்தும் ஊசி வாங்கியதில்லை. கீழே வைக்கச் சொல்லித்தான் எடுப்பாள். ஊசி, உப்பு, மிளகாய் இதையெல்லாம் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்று நம் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

ஊசியை மேசைமேல் வைத்தாள். பதினேழாம் கை ஒய்யாரமாக எடுத்து மாட்டிக்கொண்டு தைக்கத் தொடங்கியது.

மிஷினுக்கு இந்தச் சாங்கியத்தை யார் சொல்லிக்கொடுத்தது?

மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பச்சை மிளகாயையும் கொண்டுவந்தாள். நூல் மாற்றுகிற சாக்கில் அதைப் பதினேழுக்கு நீட்டினாள். கை விரல்களை மடக்கிக்கொண்டது. சரி என்று முறுக்கு ஒன்றை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டது. வாங்கிக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு விரலால் சுற்றுச் சுற்றாகத் தடவிப் பார்த்தது. பிறகு, நொறுங்கிவிடாமல், அவள் பக்கமாக மெதுவாக வைத்தது.

சம்பூரணம் அந்த முறுக்கைத் தின்னவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பதினொரு மணி டீக்குத் திருப்பூரே பேக்கரி வாசலில்தான் நிற்கும். அங்கே திருமூர்த்தியை ஓரங்கட்டினாள்.

"திருமூர்த்தி, அந்தப் பக்கம் ஆரு உக்காந்திருக்கறா?"

"எந்தப் பக்கங்கக்கா?"

"கைக்கு அந்தப் பக்கம்."

அவன் டீயை ஊதினான். "கம்ப்யூட்டருங்க."

"கம்ப்யூட்டரு மொளகாய வாங்காதா?"

நடந்ததைச் சொன்னாள். திருமூர்த்தியின் முகத்திலிருந்த பாதித் தூக்கமும் கலைந்துவிட்டது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

"நாஞ் சொன்னேன்னு ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கக்கா. இந்தப் பனியன் துணி இருக்குதுங்களே, இழுத்தா நீளும், விட்டாச் சுருளும். துண்டுக்குத் துண்டு கொணம் வேற. கம்ப்யூட்டருக்கு ஊருப்பட்டது தெரியும், இந்தச் சுருளு மட்டும் இன்னி வரைக்கும் புடிபடலீங்க. அதனால எங்கியோ ஆளுக கையில ஒரு உறையை மாட்டிக்கிட்டு, வெறுங்காத்துல தைக்கறாங்க. அவுங்க விரலு எப்படி அசையுதோ, இங்க அப்படியே அசையும். அவ்வளவுதான் சமாச்சாரம்."

"எங்கியோன்னா, எங்க?"

"கெழக்குக் கடலோரத்துல ஒரு குத்தகைச் செயிலுங்க. தனியாருக்கு விட்டது. பொம்பளைக செயிலு."

சம்பூரணத்தின் டீ ஆறிப்போயிற்று. "கூலி தர்றாங்களா?"

"வேலைன்னாத்தானுங்களே கூலி. ஏட்டுல அது கைக்கான உடற்பயிற்சி. கைதிகளோட ஆரோக்கியத்துக்காக."

"இந்த மனுசனுக்குத் தெரியுமா?" என்று கம்பெனிப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"மொதலாளி கேக்கலீங்க. நாங்களுஞ் சொல்லலீங்க."

அன்று மத்தியானம் சம்பூரணம் பதினேழாம் மேசைக்குப் போய், நூல்கண்டை மாற்றிக்கொண்டே குனிந்து கேட்டாள். "கண்ணு, நாஞ் சொல்றது கேக்குதா? கேட்டா ஒரு தட்டுத் தட்டு. இல்லைன்னா ரெண்டு."

ஒரு தட்டு விழுந்தது. காது கேட்காதவள் எப்படி இரண்டு தட்டுத் தட்டுவாள் என்று அப்புறந்தான் அவளுக்கு உறைத்தது. தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பெயர் கேட்கிற படலம். க, ங, ச என்று சம்பூரணம் வரிசையாகச் சொல்ல வேண்டும். வேண்டிய இடத்தில் கை தட்டும். பிறகு அந்த எழுத்தின் வரிசையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நூல் மாற்றுகிற ஒரு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும், தையல் அதற்குமேல் நின்றால் அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரியுமாம். நாளுக்கு இரண்டு எழுத்துத் தேறினால் பெரிது. இத்தனை எழுத்து வைத்திருக்கிற பாஷையில் பிறந்தோமே என்று சம்பூரணம் ஆயுளில் முதல்முறையாக அலுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பெயர் வந்து சேர்ந்தது. தவமணி.

என்ன குற்றம் என்று சம்பூரணம் கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டும், அவ்வளவுக்கு நூல்கண்டு இல்லை. மற்றதையெல்லாம் ஆமாம் இல்லை என்று தட்டியே தெரிந்துகொண்டாள். நாலு வருஷமாகத் தைக்கிறாள். காங்கேயத்தில் தங்கை வீட்டில் ஒரு பெண் குழந்தை. விட்டு வந்தபோது வயது மூன்று, இப்போது ஏழு. அடுத்த மாதம் விடுதலைக் குழு கூடுகிறது. உள்ளே செய்த வேலை நேரத்துக்கு ஏற்ப தண்டனையைக் குறைத்து, போதுமானவர்களை வெளியே விடுவார்கள்.

"உனக்கு எத்தன மணி நேரம் இருக்குது கண்ணு?"

கை கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகப் பிடித்துக் காட்டியது. பூஜ்யம்.

உடற்பயிற்சி வேலையில் சேராதல்லவா? இந்த முறை விடாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டாள். வலது கை ஐந்து விரலையும், இடது கை ஒரு விரலையும் நீட்டின. ஆறு வருஷம் கழிந்தால் குழந்தைக்குப் பதின்மூன்று. அதற்குள் அம்மா என்று கூப்பிடுகிற நாக்கே மாறிப்போகும்.

இந்த நேரம் பார்த்துச் சட்டை வாங்குகிற சீமைக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஆள் வந்தது. சரக்கு யார் கையால், எந்த நிலைமையில் தயாராகிறது என்று பார்க்கிற நெறிச் சோதனை. வந்தவள் மகிழினி என்ற சென்னைப் பெண், இருபத்தேழு வயது. கையில் கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு டேப், அதில் நாற்பது கேள்வி.

முந்தின நாளே சம்பூரணம் பதினேழிடம் கேட்டிருந்தாள். "சோதனைக்கு வர்றாங்க கண்ணு. சொல்லட்டுமா? சொன்னா எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாது." தையல் நின்றது. சிவப்பு விளக்கு கட்டாயம் எரிந்திருக்கும். வெகுநேரம் கழித்து ஒரு தட்டு விழுந்தது.

மகிழினி மேசை மேசையாக வந்தாள். கூடவே தண்டபாணி, வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல்.

"முப்பத்தெட்டாவது கேள்வி சார். சிறையில இருக்கிற யாராவது இந்தச் சரக்குல வேலை செய்றாங்களா?"

"மனுசனே இல்லீங்க அம்மிணி. பொறவு கைதிக்கு எங்க போறது?" தண்டபாணி சிரித்தார். மகிழினியும் சிரித்துவிட்டு, இல்லை என்ற கட்டத்தைத் தொடப் போனாள்.

"கண்ணு, ஒரு நிமிசம் இப்படி வந்துட்டுப் போ" என்றாள் சம்பூரணம்.

"சம்பூரணம், அவுங்களுக்கு நேரமாச்சு."

"நேரமெல்லாம் இருக்குதுங்க மொதலாளி." ஓர் ஊசியை மகிழினியிடம் கொடுத்தாள், முறைப்படி மேசைமேல் வைத்துத்தான். "இதை அந்தக் கையில குடு பாப்போம்."

மகிழினி நீட்டினாள். கை மடங்கிக்கொண்டது. கீழே வைத்தாள். கை எடுத்துக்கொண்டது. மகிழினியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் அம்மாவும் அப்படித்தான் செய்வாள்போல.

"அதுக்குக் காது இருக்குது. என்ன வேணுமோ கேளு. ஒண்ணு தட்டுனா ஆமா, ரெண்டு தட்டுனா இல்லை."

மகிழினி குனிந்து, கோயிலில் பேசுகிற குரலில் கேட்டாள். "நீங்க... மனுஷங்களா?"

ஒரு தட்டு.

"ஜெயில்ல இருக்கீங்களா?"

ஒரு தட்டு.

"விருப்பப்பட்டுத்தான் இதைச் செய்றீங்களா?"

விரல் எழும்பியது. கீழே இறங்கவில்லை. அந்தரத்திலேயே நின்றது. மகிழினி அந்த விரலையே பார்த்தபடி, பக்கத்திலிருந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க அம்மிணி" என்றார் தண்டபாணி. "நான் மிஷினுன்னுதான் வாடகைக்கு எடுத்தேன்." வேட்டி நுனியைச் சரிசெய்தார். பிறகு குரல் இறங்கிப்போய், "தெரிஞ்சுக்காம இருந்துட்டனுங்க. கேட்டா, பதில் வந்துருமோன்னு" என்றார்.

மகிழினி எழுந்தாள். "இன்னிக்கே ஆர்டரை நிறுத்தச் சொல்லி எழுதணும். கைதி உழைப்புன்னு தெரிஞ்சா உடனே விலகிக்கணும். அதான் எங்க விதி."

"விலகுனா, அவளுக்கு என்ன ஆகும்?" என்றாள் சம்பூரணம்.

"அந்தப் பக்கம் மூடிடுவாங்க. எங்க கம்பெனி இதுல சம்பந்தப்படாம..."

"நான் உங்க கம்பெனியக் கேக்கல கண்ணு. அவளக் கேட்டேன்."

மகிழினி டேப்பைக் கீழே இறக்கினாள்.

"அடுத்த மாசம் குழு கூடுது. வேலை நேரம் எத்தனன்னு கேப்பாங்க. இவ பூஜ்யம்னு சொல்லணும். நாலு வருசம் தச்ச சட்டைய உங்க சீமையில மாட்டிக்கிட்டு நடக்கறாங்க, தச்சவ கணக்குலயே இல்லை. இத்தன நாளும் அவ இல்லைன்னு சொன்னது இவுங்க. நாளையிலருந்து அதையே நீங்க சொல்லப்போறீங்க. என்ன, கொஞ்சம் சுத்தபத்தமாச் சொல்லுவீங்க."

தண்டபாணி இருமினார். மகிழினி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் வந்த மாதிரியும் இருந்தது, அழுகை வந்த மாதிரியும் இருந்தது. பிறகு டேப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"இருபத்தாறாம் பக்கத்துல ஒண்ணு இருக்கு" என்றாள் கடைசியில். "விலகறதுக்கு முன்னாடி, யார் யார் எவ்வளவு வேலை செஞ்சாங்கன்னு பதிவு பண்ணி, அதுக்கு உண்டானதை வாங்கிக் குடுத்துட்டுத்தான் விலகணும்னு. பரீட்சைக்குப் படிச்சிருக்கேன். இதுவரைக்கும் யாரும் செஞ்சு பாத்ததில்லை."

"பரீட்சைக்குப் படிச்சது ஒண்ணாச்சும் ஒதவட்டுமே" என்றார் தண்டபாணி. ஆர்டர் இன்றைக்கே போகாது என்பதில் அவருக்கும் மூச்சு வந்திருந்தது.

"எனக்குப் பட்டியல் வேணும். கை நம்பர், ஆள் பேர், வேலை நேரம். நேரம் மிஷின்லயே பதிவாகியிருக்கும். பேருக்கு எங்க போறது?"

"பேரு நான் வாங்கித் தர்றேன்" என்றாள் சம்பூரணம். "நீ மிஷினுக்கு ஒரு கட்டம் போட்டுக் குடு. திருப்பூருல மிஷினுக்கு ஒரு டெய்லருதான். ஒருத்தி மிஷின்ல இன்னொருத்தி உக்காந்தா அன்னிக்கு ரத்தக்களரி ஆயிரும்."

பன்னிரண்டு நாள் ஆயிற்று. திருமூர்த்தி ஒவ்வொரு கையின் அடிவயிற்றையும் திறந்து மணிக் கணக்கை எடுத்துக் கொடுத்தான். சம்பூரணம் தொண்டை கட்டும்வரை எழுத்துச் சொன்னாள். தமிழ் தெரியாத கைகளுக்குப் பேக்கிங் பகுதியில் இருந்த ஒடிசாப் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள், இந்திக்கும் அவள்தான். முதல் கேள்விக்கே சில கைகள் உடனே பதில் சொல்லவில்லை. நாளைக்கு என்பதுபோல் விரலை அசைத்தன, மறுநாள்தான் பெயர் சொல்லின. நாற்பத்தோராம் கைக்கு ஐந்து பெயர் சேர்ந்த ஒரே பெயர், அதற்கே ஒரு நாள் போயிற்று. தண்டபாணி எட்டிப் பார்த்து, "பேரு வெச்சவன் செத்தான்" என்று முணுமுணுத்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அறுபது கட்டமும் நிரம்பியது. மகிழினி கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அது உடற்பயிற்சிதான் என்று ஆயிரங்கரம் நீட்டி முழக்கிப் பதில் எழுதியது. உடற்பயிற்சி செய்தால் வியர்வைதானே வரும், சட்டை எப்படி வந்தது என்று மகிழினி ஒரே வரியில் திருப்பி எழுதினாள். விடுதலைக் குழு வேலை நேரத்தை ஏற்றுக்கொண்டது. கூலியும் தரச்சொன்னது. அது முழுசும் கைக்கு வந்து சேருகிறவரை ஆர்டரும் தையலும் அப்படியே ஓடின. சட்டை லேபிளில் இருந்த பழைய வாசகத்தைத் தண்டபாணி எடுத்துவிட்டார்.

பதினேழாம் கையின் மணி நேரம் தேவைக்கும் மேலேயே இருந்தது. தவமணிக்கு விடுதலை.

சம்பூரணம் லீவு போட்டுவிட்டு, பஸ் மாறி மாறி, கடலோரத்துச் சிறை வாசலுக்குப் போய் நின்றாள். முகம் தெரியாது. பத்து மணிக்குக் கதவு திறந்து நாலைந்து பெண்கள் வெளியே வந்தார்கள். எல்லாருடைய கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒல்லியாக, நெற்றியில் ஒரு தழும்போடு ஒருத்தி நேராக அவளிடம் வந்து நின்றாள்.

"சம்பூரணத்தக்காங்களா?"

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"நிக்கிற எடத்துலயும் பேசிட்டே இருக்கறீங்க. அந்தக் காவக்காரரு அஞ்சு நிமிசமா எதுவும் சொல்லாம உங்க வாயையே பாத்துட்டிருக்காரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சம்பூரணம் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். உலோகம் தொட்டுப் பழகியவளுக்கு அந்தச் சூடு புதிதாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரத்தைத் தவமணிக்குக் கொடுத்தாள். தன் வீட்டுக்காரர் குறட்டையைப் பற்றி ஒரு பாட்டம் ஆரம்பித்தாள். தவமணி பாதியிலேயே, "அக்கா, எனக்கு இதெல்லாம் பாக்கியத்தக்கா வந்து சொல்லித்தான் தெரியும்" என்றாள்.

"அது ஆரு?"

தவமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பதினேழுல நாங்க மூணு பேருங்க. காலையில பாக்கியத்தக்கா, மத்தியானம் நான், சாயங்காலம் ரோசலின். நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசறத, பொழுது சாஞ்சதும் உக்காந்து ஒண்ணாச் சேத்துக்குவோம்."

சம்பூரணத்தின் வாய் அடைத்துப்போயிற்று. அபூர்வமான சங்கதி அது.

"எல்லாக் கைக்கும் மூணு பேருங்க. நூத்தியெம்பது பேரு இருக்கோம். நீங்க 'உன்ற பேரென்ன'ன்னு ஒரு பேருதான் கேட்டீங்க. கட்டமும் ஒண்ணுதான்னு சொன்னாங்க. எழுத்தெழுத்தாத் தட்டி இதை எப்படிங்க வெளக்கறது? அன்னிக்கு உள்ள பெரிய சண்டை. பொறவு, அந்தந்தக் கையில இருக்கற மூணு பேருல யாருக்குக் கதவு பக்கத்துல இருக்குதோ அவங்க பேரைச் சொல்லிக்கலாம்னு முடிவாச்சு. பாக்கியத்தக்காவுக்கு இன்னும் ஒம்போது வருசம். ரோசலினுக்குப் பதினொண்ணு. அவங்க நேரத்தையும் என் பேருல விட்டுட்டு, ரெண்டு பேரும் உள்ள இருக்கறாங்க."

"கட்டம் போடச் சொன்னது நான்" என்றாள் சம்பூரணம் மெதுவாக.

"உங்ககிட்ட மறைச்சுட்டு உங்ககூட உக்காந்து வர முடியலீங்க. நீங்க திருத்தணும்னா திருத்துங்க. எனக்குள்ளது மூணுல ஒரு பங்குதான். அது பத்தாது, திரும்பக் கூப்பிடுவாங்க. வந்தா வரட்டும்."

கரூர் போயிற்று, வெள்ளகோவில் போயிற்று. சம்பூரணம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பட்டியல் அவள் கொடுத்தது. தப்பு அவளுடையது. அதை இப்போது சரி செய்தால், கட்டத்தில் இல்லாத நூற்றிருபது பேருக்கு நியாயம். செய்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் திரும்பச் சிறைக்குப் போகவேண்டும். அந்த நேரமெல்லாம் அந்த இரண்டு பெண்களும் தெரிந்தே கொடுத்தது. கொடுத்ததைப் பிடுங்கித் திருப்பிக் கொடுக்க இவள் யார்?

காங்கேயம் பஸ் ஸ்டாண்டு வந்தது. தவமணியின் தங்கையோடு ஒரு சின்னப் பெண் இறுக்கிய ரெட்டைச் சடையோடு, யாரைப் பார்க்கவேண்டும் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

"எறங்கு" என்றாள் சம்பூரணம். "சட்டுனு எறங்கு, பஸ்ஸ எடுத்துருவான்."

தவமணி இறங்கினாள். குழந்தைக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தாள். குழந்தைதான் முதலில் அவள் சேலையைத் தொட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையில் சம்பூரணம் புதுக் காகிதம் ஒன்று எடுத்தாள். பழைய பட்டியலில் ஓர் எழுத்தையும் தொடவில்லை, அது இருந்தபடி இருக்கட்டும். புதுக் காகிதத்தில் கை நம்பர் ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம் போட்டாள். இன்றையிலிருந்து தைக்கிற நேரம் தைக்கிறவள் பெயரில்தான் என்று மகிழினிக்குப் போனில் சொன்னாள். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "மிஷினுக்கு ஒரு டெய்லருன்னு சொன்னது என்ற தப்பு கண்ணு. ஒரு கையில மூணு பேரு இருக்கறாங்க" என்றாள். பழைய பட்டியலைப் பற்றி மகிழினி எதுவும் கேட்கவில்லை. "சரிங்கம்மா, இன்னையிலருந்து" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு பதினேழாம் மேசைக்குப் போனாள். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது, தவமணி தைத்துவந்த நேரம்.

"தவமணி ஊடு போய்ச் சேந்துட்டா கண்ணு. புள்ளையப் பாத்துட்டா."

தையல் நின்றது.

"நீ ஆரு, பாக்கியமா?"

இரண்டு தட்டு.

"ரோசலினா?"

இரண்டு தட்டு.

சம்பூரணம் அந்தக் கையைப் பார்த்தாள். விரல்கள் தவமணியுடையவைபோல் ஓடவில்லை. துணியின் சுருள் பிடிபடாமல், ஓரம் கோணிப்போயிருந்தது. ஒரு நாள்கூட ஆகவில்லை, காலியான இடத்தில் அதற்குள் ஒருத்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள்.

சம்பூரணம் கோணலான துண்டை எடுத்துப் பிரித்து, மறுபடி நேராக வைத்துக் கொடுத்தாள். காதிலிருந்த பென்சிலை எடுத்து, பதினேழுக்கு எதிரே நான்காவதாக ஒரு கட்டம் போட்டாள்.

"பயப்படாத கண்ணு" என்றாள். "பேரு சொல்லு."

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றாக இருங்கள். உங்கள் வீட்டுக் கதவுக்கு உள்பக்கமாகவே தாழ்ப்பாள் இருக்கட்டும். பிள்ளைகள் போன இடத்திலிருந்து பொழுதோடு வீடு திரும்பட்டும். செய்த வேலையில் அவரவர் பெயர் நிலைக்கட்டும். உங்கள் கொடியில் காய்கிற துணியெல்லாம் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்து, உடுத்தியவர் மேலுக்கு இதமாக இருக்கட்டும். உரித்த பட்டாணி இன்றைக்குக் குருமாவாகி, எல்லார் தட்டிலும் வந்து விழட்டும்.